அடுத்து ஆட வருபவர் யார்?

சென்ற ஆண்டு விடுதிகளுக்கிடையே நடந்த 20 ஓவர் கிரிக்கெட் ஆட்டத்தில் நான் நான்காம் ஆட்டக்காரன். 17-ஆம் ஓவரில் இரண்டாம் விக்கெட் விழுந்ததும் மட்டையோடு எழுந்தேன். “நீ சற்றுப் பொறு” என்று கூறிய எங்கள் தலைவர், வேறொருவரை அனுப்பினார். எனக்கு மானமே போயிற்று. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பின்னர்க் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அக்கணக்கை நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஆட்டத்துக்கு முன் பதினொருவர் பெயரைத் தலைவர் தருதல் வேண்டும். இன்னாருக்குப் பின் இன்னார் ஆடுவார் என எழுதித் தரவேண்டியதில்லை. ஆகவே, ஆடும் வரிசை வெறும் வழக்கமேயன்றிச் சட்டமன்று.

ஒருநாள் ஆட்டத்தில் ஓர் அணியின் முதல் இரண்டு: 300 பந்துகள், 10 விக்கெட்டுகள். மழையால் தடைப்படும் ஆட்டங்களுக்கு 1997 முதல் வழங்கிவரும் டக்வர்த், லூயிஸ் முறையும் இவ்விரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. அடுத்தவர் யார் என்பதையும் இவ்விரண்டின் இருப்பே முடிவு செய்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ‘அ’ என்பவர் நிலைகொள்ள 20 பந்துகள் வேண்டும். அவற்றில் 12 ஓட்டங்கள் எடுப்பார். அதன்பின் 2 பந்துக்கு 3 ஓட்டங்கள் எடுப்பார். ‘ஆ’ என்பவர் முதற்பந்து முதலே 5 பந்துக்கு 6 ஓட்டங்கள் எடுப்பார். 25 பந்துகளுக்குள் ஆட்டமிழப்பார். ஆடக் கிடைப்பவை 20 பந்துகளாயின் ‘அ’ 12, ‘ஆ’ 24. கிடைப்பவை 60 பந்துகளாயின் ‘அ’ 72, ‘ஆ’ 30. ஒரு விக்கெட்டும் போகும். இவருள் சிறந்தவர் யார் என்ற வினாவுக்குப் பொதுவான விடையில்லை. எப்போது என்று கேட்டால்தான் விடையுண்டு.

2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், மும்பையில், இந்தியாவின் இலக்கு 275. கோலி ஆட்டமிழந்தபோது 3 விக்கெட்டுக்கு 114. அடுத்து வரவேண்டிய யுவராஜ் அத்தொடரில் ஓட்டங்களைக் குவித்தவர். தோனியோ அதுவரை ஓர் அரைச் சதமும் அடித்திலர். எனினும் தோனியே வந்தார். களத்தில் நின்ற கம்பீர் இடக்கையர், யுவராஜும் இடக்கையர். முரளிதரன், ரன்திவ் ஆகியோரின் ஆஃப் சுழற்பந்து இடக்கையரை விட்டு வெளியே திரும்பும். வலக்கையரை நோக்கி உள்ளே வரும். மேலும், முரளிதரனோடு சென்னை அணியில் ஆடியவர் தோனி. அவர் 79 பந்துகளில் 91 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், இந்தியா வென்றது.

2019 அரையிறுதியில், மான்செஸ்டரில், நியூசிலாந்துக்கு எதிராக இலக்கு 240. 24 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் விழுந்தும் தோனி வரவில்லை. 71-க்கு 5 என்றான பின்னரே ஏழாமவராக வந்தார். தோனியும் ஜடேஜாவும் 116 ஓட்டங்கள் சேர்த்தும் 18 ஓட்டங்களில் தோற்றோம். அன்றைய தேவை இறுதி அடியன்று, இடையில் ஓர் ஊன்றுகோல் என்பதே என் கருத்து. ஓர் ஆட்டம் விதியை நிறுவாது என்பதையும் மறுக்கிலேன்.

நினைத்தபடி மாற்றுவதும் நெகிழ்ச்சி ஆகாது. பன்னாட்டு ஒருநாள் ஆட்டங்களில், விக்கெட் விழுந்த இரண்டு நிமிடத்துக்குள் புதியவர் பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாதல் வேண்டும். எனவே, எந்நிலைக்கு எவர் என்பதை முன்னரே பேசி, இருவரைக் காலுறை கட்டி அமர்த்துவது நலம்.

மேலே கூறிய ‘அ’ நானே. அன்று எஞ்சியவை 20 பந்துகளே. அவற்றிலும் பாதி மறுமுனையில் நின்றவருக்கு உரியவை. எனக்கு முன் சென்றவர் விரைவில் ஆட்டமிழந்தார், நாங்கள் தோற்றோம். ஆயினும் தலைவர் செய்தது சரியே. தோல்வி ஒன்றைக் கொண்டு முடிவைப் பழிப்பது அறிவியல் பயில்வோர்க்கு அழகன்று. அவரிடம் இதைச் சொல்லிவிட்டேன்.