நாயின் வறண்ட தோலுக்கு ஏற்ற ஷாம்பூ

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

நன்றிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நாம் அனைவரும் நாயையே கூறுவோம். ஆனால் அதே நாய் ஓயாமல் உடம்பைச் சொறியத் தொடங்கிவிட்டால், ‘சொறிநாய்’ என்று முகம் சுளித்து விரட்டுவதற்கும் நாமே முந்துகிறோம். தனக்கு எங்கே அரிக்கிறது, எதனால் அரிக்கிறது என்று சொல்ல அந்த வாயில்லாப் பிராணிக்குத் தெரியாது. அதைக் கண்டறிய வேண்டியவர்கள் நாம். எங்கள் வீட்டு வெள்ளையனுக்கு வந்த தோல் நோயையும், அதற்கு ஷாம்பூ தேடி அலைந்தபோது நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் எழுதினால், வீட்டில் நாய் வளர்க்கும் தோழியருக்குப் பயன்படும் என்று எண்ணி இக்கட்டுரையை வரைகிறோம்.

அன்பினால் செய்த தவறு

வெள்ளையன் இராஜபாளையம் இனத்தின் கலப்பு. குட்டையான வெண்ணிற முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு உறவினர் பலர் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னிலையில் வெள்ளையன் பளிச்சென்று இருக்க வேண்டும், மணக்கவும் வேண்டும் என்று அக்கா தங்கை இருவரும் ஆசைப்பட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் குளியல் சோப்பையே போட்டு, ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் தேய்த்துக் குளிப்பாட்டினோம்.

விழா முடிந்தது. சனவரி மாதத்தில் வெள்ளையனின் முடியில் பொடுகு போல வெள்ளைச் செதில்கள் தோன்றின. இரவெல்லாம் அது சொறியும் ஓசை கேட்டது. வாலின் அடியில் முடி உதிர்ந்து, கடித்துக் கடித்துத் தோல் சிவந்து புண்ணாயிற்று. அழுக்குத்தான் காரணம் என்று நினைத்து இன்னும் கூடுதலாகச் சோப்புப் போட்டோம். அரிப்பும் கூடியது!

தெருவில் ஒருவர் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவச் சொன்னார். ஆச்சி மண்ணெண்ணெய் தடவலாம் என்றார்கள். அப்பாவோ, “பிள்ளைகள் இருக்கிற வீடு. இதைத் தோட்டத்தில் கொண்டு விட்டுவிடலாம்” என்று கூறிவிட்டார்கள். நாங்கள் அழுதோம். அம்மாதான், “ஒரு வாரம் பொறுங்கள். டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்” என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றதே இப்பாடம்.

தோல் என்னும் கவசம்

நம் தோலின் மேற்பகுதியில் ஏறத்தாழ 10 முதல் 15 வரை செல் அடுக்குகள் உள்ளன. நாய்க்கு இருப்பவையோ 3 முதல் 5 அடுக்குகள்தான். முடி மூடியிருப்பதால் நாயின் தோல் தடிப்பானது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது நம் தோலைவிட மெல்லியது. தோலில் உள்ள சுரப்பிகள் ஒருவகை எண்ணெயைச் சுரந்து, முடியிலும் தோலிலும் பூசிவைக்கின்றன. இந்த எண்ணெய்ப் பூச்சு உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலிருக்கும் கிருமி உள்ளே புகாமலும் காக்கிறது. அடிக்கடி சோப்புப் போட்டால் அழுக்குடன் இந்தப் பூச்சும் போய்விடுகிறது. ஈரம் வற்றித் தோல் காய்கிறது. காய்ந்த தோல் அரிக்கிறது. அரிப்பதால் நாய் சொறிகிறது. சொறிந்த இடத்தில் கிருமி புகுகிறது. புதிய தோல் அடுக்கு முழுமையாக வளர்ந்து மேலே வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். நாங்களோ வாரம் மூன்று முறை தேய்த்துக் கொண்டிருந்தோம்!

ஆய்வகத்தில் ஒரு சோதனை

வகுப்பில் அமிலம், காரம் பற்றிய பாடம் நடந்தபோது, இதை அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரி அவர்களிடம் கூறினோம். “சோப்பையும் ஷாம்பூவையும் கொண்டு வாருங்கள், சோதித்துப் பார்ப்போம்” என்றார்கள்.

பி.எச். அளவை 1909ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு வேதியியல் அறிஞர் சோரென்சென் வகுத்தார். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிடப் பத்து மடங்கு வேறுபடும். மனிதத் தோலின் பி.எச். ஏறத்தாழ 5.5. நாயின் தோல் பொதுவாக நடுநிலையை ஒட்டியது. இனத்திற்கு இனம், உடலின் இடத்திற்கு இடம் சற்று மாறும்.

சோப்புக் கரைசலில் பி.எச். தாளை நனைத்தோம். தாள் நீலமாக மாறி 9க்கும் 10க்கும் இடைப்பட்ட நிறத்தைக் காட்டியது. 7க்கும் 9க்கும் இரண்டே எண் வேறுபாடு என்றாலும், காரத்தன்மையில் அது 100 மடங்கு என்பதை அன்றுதான் உணர்ந்தோம். நாங்கள் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூ 6ஐ ஒட்டி நின்றது. ஆகவே மனிதர் ஷாம்பூவை ஒருமுறை போட்டுவிட்டால் பெருங்கேடு வந்துவிடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கென அதில் சேர்க்கும் பொருள்களும் வாசனையும் ஏற்கெனவே நொந்த தோலுக்கு ஆகா.

இன்னொன்றும் விளங்கியது. உப்புத் தண்ணீர் கடின நீர் ஆகும். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத படிவாக மாறுகின்றன. குளியலறை வாளியில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் படிவுதான் வெள்ளையனின் முடியிலும் ஒட்டிக் கிடந்திருக்கிறது.

காரணம் அறிந்தே ஷாம்பூ

சோதனை முடிந்ததும் நல்ல ஷாம்பூ ஒன்று வாங்கினால் போதும் என்று நினைத்தோம். கால்நடை மருந்தக டாக்டர் அவர்கள் அதை மறுத்தார்கள். “எந்த ஷாம்பூ என்று பிறகு கேளுங்கள். ஏன் அரிக்கிறது என்று முதலில் பார்ப்போம்” என்றார்கள்.

ஒரு வெள்ளைப் பஞ்சை நீரில் நனைத்து, வெள்ளையனின் வாலடியிலிருந்து உதிர்ந்த கறுப்புத் துகள்களை அதில் ஒற்றினார்கள். துகள்களைச் சுற்றிப் பஞ்சு செந்நிறமாயிற்று. அது மண் அன்று. தெள்ளுப்பூச்சி நாயின் இரத்தத்தைக் குடித்துவிட்டு இட்ட கழிவு! பின்னர்த் தோலை இலேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொறிச் சிற்றுண்ணி இல்லை என்று உறுதி செய்தார்கள். ஆக, வெள்ளையனின் துன்பத்திற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று தெள்ளு, மற்றொன்று நாங்கள்.

நாய்க்கு அரிப்பு வருவதற்கான காரணங்கள் பல:

1. தெள்ளு, உண்ணி, பேன்.
2. சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி. இவற்றுள் ஒருவகை மனிதருக்கும் தொற்றி அரிப்பைத் தரும்.
3. படர்தாமரை போன்ற பூஞ்சை. இதுவும் மனிதருக்குத் தொற்றும்.
4. பாக்டீரியாக் கிருமிகள்.
5. உணவு, தூசி, மகரந்தம் முதலியவற்றால் வரும் ஒவ்வாமை.
6. தைராய்டு சுரப்பிக் குறைபாடு போன்ற உள்நோய்கள்.
7. மிகையான குளியலால் வரும் வறட்சி.

இவற்றுள் கடைசியாகக் கூறியதே ஷாம்பூவை மாற்றுவதால் மட்டும் தீரக்கூடியது. மற்றவற்றில் ஷாம்பூ மருந்துக்குத் துணையே தவிர, அதுவே மருந்தாகிவிடாது.

எதற்கு எது?

வறட்சிக்கு: கூழ்ம ஓட்ஸ், கிளிசரின், சோற்றுக்கற்றாழை சேர்ந்த, சோப்பு இல்லாத ஷாம்பூ ஏற்றது. ஓட்ஸ் தானியத்தை மிக நுண்ணிய மாவாக அரைத்து நீரில் கலந்தால் கிடைப்பதே கூழ்ம ஓட்ஸ். அது தோலில் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைக் காக்கிறது. அதிலுள்ள அவெனாந்த்ரமைடு என்னும் பொருள்கள் அரிப்பைத் தணிக்கின்றன.

கிருமிக்கும் பூஞ்சைக்கும்: குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் போன்றவை சேர்ந்த மருந்து ஷாம்பூக்கள் உள்ளன. இவற்றை டாக்டர் கூறிய அளவில், கூறிய நாள்வரை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கான செதிலுக்கு: கந்தகம், சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு ஆகியவை பயன்படும். இவற்றில் பென்சாயில் பெராக்சைடு தோலை நன்கு உலர்த்திவிடும். வறண்ட தோலில் போட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாகும்.

தெள்ளு, உண்ணிக்கு: பூச்சிக்கொல்லி கலந்த ஷாம்பூக்கள் உள்ளன. குளித்து முடிந்ததும் இவற்றின் பயனும் பெரும்பாலும் முடிந்துவிடும். பெர்மெத்ரின் கலந்தவை வீட்டில் உள்ள பூனைக்கு நஞ்சு. குட்டிகளுக்கும் எல்லாம் ஆகாது. புட்டியில் வயது வரம்பைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தையும் நுரையையும் மணத்தையும் பார்த்து மயங்கலாகாது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். நாய்க்கென்றே செய்யப்பட்டதா, சோப்பு இல்லாததா, வாசனையும் வண்ணமும் குறைவா என்று பார்ப்பது நலம். மணம் நமக்குத்தான் வேண்டும், நாய்க்கு வேண்டா.

குளிப்பாட்டும் முறை

‘ஷாம்பூ’ என்னும் சொல், அழுத்திப் பிசைவதைக் குறிக்கும் ‘சாம்ப்னா’ என்ற இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியரான சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தி இதைப் புகழ்பெறச் செய்தார். பெயருக்கேற்ப, ஊற்றிக் கழுவுவதைவிடப் பொறுமையாகப் பிசைந்து ஊறவிடுவதே முக்கியம்.

முதலில் முடியை வாரிச் சிக்கெடுக்க வேண்டும். இளஞ்சூடான அல்லது குளிர்ந்த நீரே போதும். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். ஷாம்பூவை அப்படியே ஊற்றாமல் ஒரு குவளை நீரில் கலக்கிக்கொண்டால் எங்கும் ஒரே சீராகப் பரவும். கண்ணிலும் காதிலும் படாமல், முடி வளர்ந்த திசையிலேயே விரல் நுனியால் தேய்த்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காவிட்டால் இரண்டு நிமிடமே பத்து நிமிடம் போலத் தோன்றும்! நாங்கள் வெள்ளையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்பாடு ஒப்பித்தோம்.

பிறகு நுரை முழுதும் போகும்வரை அலசுதல் வேண்டும். தேங்கி நிற்கும் ஷாம்பூவே அரிப்பை உண்டாக்கும். கால் இடுக்கு, வயிறு, விரல்களின் நடுப்பகுதி ஆகியவற்றை மறக்கலாகாது. கடைசி அலசலுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் சிறந்தது. துண்டால் ஒற்றித் துடைத்து நிழலில் உலரவிட வேண்டும்.

புதிய ஷாம்பூ எதுவாயினும் முதலில் சிறிய இடத்தில் போட்டு, ஒருநாள் கவனித்துவிட்டு, சிவப்போ தடிப்போ இல்லையென்றால் உடல் முழுதும் போடலாம்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் தோலை வேகவைத்துவிடும். நாய் தன் உடம்பை நக்கும்போது அவை வயிற்றுக்குள்ளும், சில சமயம் நுரையீரலுக்குள்ளும் போய் உயிருக்கே ஆபத்தாகும். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, “அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்தது அதுதான்” என்று வருந்தினார்கள். டீ ட்ரீ எண்ணெயும் நாய்க்கு நஞ்சாகலாம். பாத்திரம் துலக்கும் சோப்பு, துணிச் சோப்பு, மனிதருக்கான பொடுகு ஷாம்பூ ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். சீழ், நாற்றம், வட்ட வட்டமாக முடி உதிர்தல், வீட்டிலுள்ளவர்களுக்கும் அரிப்பு ஆகியவை தோன்றினால் ஷாம்பூ தேடிக் காலம் கடத்தாமல் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும். சென்னையில் இருப்போர்க்கு 1903ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன.

வெள்ளையன் இன்று

டாக்டர் அவர்கள் வெள்ளையனின் பிடரியில் தெள்ளுக்கான சொட்டு மருந்தை விட்டார்கள். தெள்ளின் முட்டைகள் நாயின் மேல் தங்காமல் உதிர்ந்துவிடுமாம். ஆதலால் அது படுத்த சாக்கை எரித்து, திண்ணையையும் இடுக்குகளையும் தினமும் பெருக்கிக் கழுவினோம். சோப்பை அடியோடு நிறுத்தினோம். ஓட்ஸ் ஷாம்பூவை வாரம் ஒருமுறை போட்டோம். முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் தெரியவில்லை. எங்களுக்கு நம்பிக்கை குறைந்தது. மூன்றாம் வாரம் செதில் குறைந்தது. ஆறாம் வாரம் வாலடியில் பூனைமுடி போல மெல்லிய முடி முளைத்தது. இப்போது மாதம் ஒரு குளியல்தான். புண்ணாயிருந்த இடத்தில் இன்னும் ஒரு சிறிய வட்டம் முடியில்லாமல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் சோப்பு நினைவுக்கு வரும்.

அப்பா இப்போதும் மாலையில் அதைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்கிறார்கள். ஆனால் இருட்டுவதற்குள் இருவரும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அன்பும் அப்படித்தான். அறிவோடு சேராத அன்பு, அன்பு செய்யப்படும் உயிரையே வருத்திவிடும். ஷாம்பூவைத் தேர்ந்தெடுக்கும் முன் நோயின் காரணத்தைத் தேடுவோம். காரணத்திற்கேற்ற ஷாம்பூவை அளவோடும் பொறுமையோடும் பயன்படுத்துவோம். தெருவில் சொறிந்துகொண்டு நிற்கும் நாயைக் காணும்போது, கல்லை எடுக்கும் முன் அதற்கு ஏன் அரிக்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம், தோழியரே!