பழுப்பு நிறம் சொல்லும் பதில்

சிங்கப்பூர்ப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஆனால், எல்லாக் கட்டிகளும் ஒரே இயல்புடையவை அல்ல. பல கட்டிகளின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. பூட்டில் சாவி பொருந்துவதுபோல ஹார்மோன் பொருந்தியதும் உயிரணு பெருகும். இத்தகைய கட்டிக்கே தமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் பலன் தரும். ஆகவே, ஏற்பி உண்டா இல்லையா என்று அறிந்த பின்னரே சிகிச்சையை முடிவு செய்கிறார்கள்.

எப்படி அளக்கிறார்கள்?

வெட்டியெடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊறிய திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவுவார்கள். ஏற்பியை மட்டும் தேடி ஒட்டும் எதிர்ப்புப் புரதத்தையும், பிறகு சாயத்தையும் சேர்ப்பார்கள். ஏற்பியுள்ள உயிரணுவின் கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகத் தெரியும்.

ஆல்ரெட் முறையில், பழுப்பான உயிரணுக்களின் பங்குக்கு 0 முதல் 5 வரையும், நிறத்தின் அடர்த்திக்கு 0 முதல் 3 வரையும் மதிப்பெண் தருவர். பாதி உயிரணுக்கள் பழுப்பானால் 4. நிறம் நடுத்தரமானால் 2. ஆக, 8க்கு 6. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏற்பி உண்டு எனக் கொள்வர்.

சோதனைக்கே ஒரு சோதனை

கட்டியின் அருகிலுள்ள நலமான பால்குழாய்களிலும் சில உயிரணுக்கள் பழுப்பாக வேண்டும். அவையும் நீலமாகவே இருந்தால், "ஏற்பி இல்லை" என்று எழுதக் கூடாது. பிழை கட்டியில் அன்று, சோதனையில் இருக்கலாம்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்த சோதனைகளில், ஏற்பி இருந்தும் இல்லை எனப் பலருக்கு முடிவு வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோரின் முடிவுகள் தவறாயின. நம் நாட்டிலும், கூ டெக் புவாட் மருத்துவமனையில் நேர்ந்த ஒரு பிழை 2020 டிசம்பரில் வெளியானது. அது ஹெர்-2 என்னும் வேறோர் ஏற்பிக்கான சோதனை. அங்கே சாயம் மிகுதியாக ஏறியதால், ஏறத்தாழ 180 நோயாளிகளின் முடிவுகள் பிழையாயிருக்கலாம் என்றும், அவர்களில் பாதிப் பேர் தேவையற்ற சிகிச்சை பெற்றிருக்கலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஓரிடத்தில் நிறம் குறைந்தது, மற்றோரிடத்தில் கூடியது. இரண்டிலும் துன்பப்பட்டவர்கள் நோயாளிகளே.

நம்மில் உயிரியல் பயில்வோர் நாளை இத்தகைய ஆய்வுக்கூடங்களில் பணியாற்றக்கூடும். மற்றவர்கள் வீட்டாரின் அறிக்கையைப் படித்துச் சொல்ல நேரலாம். "உண்டு", "இல்லை" என்ற சொல்லோடு நிறுத்தாமல், எத்தனை விழுக்காடு, என்ன மதிப்பெண் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐயம் இருந்தால் மறுசோதனை செய்ய இயலுமா என்றும் கேட்கலாம். மெழுகில் பதித்த திசு பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.