தீப்பொறி இல்லாமல் டீசல் எரிவது எப்படி?

மாணவர்களே, மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். காற்றை விரைவாக அழுத்தினால் அதன் வெப்பநிலை உயரும். டீசல் இயந்திரம் இயங்குவது இதனால்தான்.

பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கன அளவுக்கு அழுத்தப்படுகிறது. பிறகு ஸ்பார்க் பிளக் தரும் தீப்பொறி அதைப் பற்றவைக்கிறது. சுடர் பரவுமுன் கலவை தானாகவே தீப்பிடித்தால் இயந்திரம் ‘டக் டக்’ என்று தட்டும், நாளடைவில் பழுதாகும். எனவே, பெட்ரோல் எளிதில் தானாகத் தீப்பிடிக்கக்கூடாது. அந்தத் தாங்கும் திறனைக் காட்டுவதே ஆக்டேன் எண். எண்ணெய் நிலையத்தில் காணும் ‘ரோன் 95’ அதுவே.

டீசல் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று மட்டும் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ அழுத்தப்பட்டு, 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே தீப்பிடிக்கிறது. எவ்வளவு விரைவில் தீப்பிடிக்கும் என்பதைக் காட்டுவது சீட்டேன் எண். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இத்தகைய இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அதிகமாக அழுத்துவதால் அதே எரிபொருளிலிருந்து அதிக வேலை கிடைக்கிறது. லோரிகள் டீசலில் ஓட இது முக்கியக் காரணம்.

ஒன்றில் வேண்டாத குணம் மற்றதில் தேவைப்படுகிறது! ஆகவே, எரிபொருளை மாற்றி ஊற்றக்கூடாது. டீசல் வண்டியின் எரிபொருள் பம்புக்கு டீசலே மசகு எண்ணெயாகவும் உதவுகிறது. பெட்ரோல் கலந்தால் பம்பு தேய்ந்துவிடும். தவறி ஊற்றிவிட்டால் இயந்திரத்தை முடுக்காமல் பட்டறையை அழைக்கச் சொல்லுங்கள்.

சிந்திக்க: கேமரன் மலையின் குளிர்ந்த காலையில் பழைய டீசல் லோரி உடனே கிளம்பாதது ஏன்?