பரண்மேல் கிடைத்த படம்

அன்புள்ள பாப்பா,

விரிஞ்சிபுரம் வீட்டை இடிக்கும் முன் பரணிலிருந்து இறக்கிய படத்தைப் போனில் பார்த்தேன். மூக்குத்தியும் ஒட்டியாணமுமாக நிற்கும் அந்த அம்மாள் யாரென்று எனக்கும் தெரியவில்லை. பழைய சாமான் கடைக்காரர் நல்ல விலை சொல்கிறார், கொடுக்கலாமா என்கிறாய். தாராளமாகக் கொடு. ஆனால் யாரென்று தெரிந்துகொள்ளாமல் கொடுக்காதே. ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

1805-ல் சென்னையில் ஜார்ஜ் சின்னெரி என்ற ஆங்கிலேய ஓவியர் இரண்டு குழந்தைகளை ஆளுயரத்துக்கு வரைந்தார். ஹைதராபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்குக்கும், அவ்வூர்ப் பெரிய குடும்பத்துப் பெண் கைருன்னிசாவுக்கும் பிறந்தவர்கள். அண்ணனுக்கு நாலு வயது, தங்கை நூருன்னிசாவுக்கு மூன்று. தர்பார் உடையில் நிற்கிறார்கள். அந்த ஆண்டே இருவரையும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அக்டோபரில் அப்பா கல்கத்தாவில் இறந்துபோனார். மறு ஆண்டு லண்டனில் ஞானஸ்நானம்; நூருன்னிசா கேத்தரின் ஆனாள், வீட்டாருக்குக் கிட்டி. அம்மாவை அவள் மறுபடி பார்க்கவே இல்லை. 1813-ல் கைருன்னிசாவும் போய்ச் சேர்ந்தாள்.

கிட்டி அசல் ஆங்கிலச் சீமாட்டியாகத்தான் வளர்ந்தாள். தாமஸ் கார்லைல் போன்ற எழுத்தாளரே அவளைப் பார்த்துச் சொக்கிப்போனவர். 1829-ல் ஒரு கேப்டனை மணந்தாள். படமோ ஹென்றி ரஸ்ஸல் என்பவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கிர்க்பாட்ரிக்கின் கீழ் வேலை பார்த்தவர். விதவையான கைருன்னிசாவோடு கொஞ்சகாலம் வாழ்ந்து கைவிட்டவர். (அந்த ஆளைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும், விடு.) 1840-களில் ரஸ்ஸலின் மாளிகைக்குப் போன கிட்டி, சுவரில் தன்னையும் இறந்துபோன அண்ணனையும் பார்த்து அழுதுவிட்டாள். படத்தை அவளுக்கே எழுதிவைப்பதாக ரஸ்ஸல் வாக்குக் கொடுத்தார், கொடுத்தபடி செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஹைதராபாத்தில் உயிரோடிருந்த பாட்டி ஷரஃபுன்னிசாவோடு கடிதப் போக்குவரத்து தொடங்கியது. பாட்டி சொல்லச் சொல்லப் பாரசீகத்தில் ஒருவர் எழுதுவார். பேத்திக்கு அதை இன்னொருவர் மொழிபெயர்க்க வேண்டும். ஏறக்குறைய நாற்பது வருஷமாக முகம் பார்க்காத இருவர், பார்க்காமலே பேசித் தீர்த்தார்கள். 1847-ல் பாட்டி காலமானார்.

அந்தப் படமும் கடைசியில் கைமாறியது. இன்று ஹாங்காங்கில் ஒரு வங்கியின் சொத்து. ஆனால் யாருடைய பிள்ளைகள், எந்த ஊர் என்பதெல்லாம் கூடவே போயிருக்கிறது. அதே காலத்தில் தாமஸ் ஹிக்கி வரைந்த மைசூர்ப் பெண்கள் மூவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெயர் தொலைந்ததால் நாட்டியக்காரிகள் என்றே சொல்லிவந்தார்கள். உடையார் வீட்டு அரசிகள், அம்மைத் தடுப்பூசிக்காகப் படத்துக்கு நின்றவர்கள் என்று நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாசிரியர் பிறகுதான் எடுத்துச் சொன்னார்.

நம் வீட்டுப் பத்திரங்களில் ஆண்கள் பெயர் மூன்று தலைமுறைக்கு இருக்கிறது. பெண்கள் எல்லாரும் ‘இன்னார் சம்சாரம்’. ஆகவே பத்திரத்தில் தேடிப் புண்ணியமில்லை, ஆம்பூர்ப் பெரிய அத்தையைத்தான் கேட்கவேண்டும். இந்த வருஷக் கடை ஞாயிறுக்கு அவர் கோயிலுக்கு வரும்வரை காத்திராதே. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும் முன் ஒருநாள் போய்விட்டு வா. நகையிலிருந்து ஆரம்பி. முகம் மறந்தாலும் அந்த ஒட்டியாணம் யாருக்குப் போனது என்பது மறந்திருக்காது. சொல்வதைப் போனில் பதிந்துகொள், பென்சிலால் ஒரு தாளிலும் எழுது.

படத்தை ஈரத்துணியால் துடைக்காதே. பின்பக்கத் தாளைக் கிழிக்காதே. ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும், அதையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. விலை விஷயத்தை நீயும் அண்ணனும் பேசிக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரமாட்டேன். அத்தைக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, இடப்பக்கம் உட்கார்.

அன்புடன்,
சித்தப்பா