சுமத்ராவில் நடுங்கினால் தேக்காவில் விளக்கு ஆடும்

அன்புள்ள கவினுக்கு,

பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் புழுதியாகச் சரிந்த காணொளியைப் பார்த்ததிலிருந்து உனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை என்று உன் அம்மா சொன்னாள். "நம்ம புளோக்கும் இப்படி விழுமா சித்தப்பா?" என்று நீ அனுப்பிய செய்திக்கு "விழாது, தூங்குடா" என்று ஒரு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கிறவனுக்குச் சமாதானம் மட்டும் சொன்னால் போதாது. நான் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டே சம்பாதித்தவன். அந்தக் கணக்கில் கொஞ்சம் உனக்கும் தெரியட்டும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை நடுப்பகல். மியன்மாரில் மண்டலே நகரத்துக்குப் பக்கத்தில், சகாயிங் பிளவு என்னும் நீண்ட நிலப்பிளவு நழுவியது. ரிக்டர் அளவு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அந்த அளவு 7.7. மியன்மாரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த பேங்காக்கில், அரசாங்கத் தணிக்கை அலுவலகத்துக்காக எழும்பிக்கொண்டிருந்த முப்பது மாடிக் கட்டடம், உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களோடு நொறுங்கியது. அதே நகரத்தில் ஆயிரக்கணக்கான உயரக் கட்டடங்கள் ஆடிவிட்டு நின்றுகொண்டன. விழுந்ததை எல்லாரும் பார்த்தோம், நின்றதை யாரும் படமெடுத்துப் பரப்பவில்லை. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் நீ யோசிக்க வேண்டும்.

"சிங்கப்பூரில் நிலநடுக்கம் வராது" என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. நம் தீவு நிலத்தட்டின் விளிம்பில் இல்லை. ஆனால் சுமத்ராவை நீளவாக்கில் கிழித்தபடி போகும் பிளவு நம்மிடமிருந்து சுமார் 400 கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலின் தரை சுமத்ராவுக்கு அடியில் நுழையும் கடலடிப் பள்ளத்தாக்கு சுமார் 600 கிலோமீட்டரில். மண்டலேக்கும் பேங்காக்குக்கும் உள்ள தூரத்தைவிட இரண்டுமே கிட்டத்தில்தான்.

இத்தனை தூரம் வருவதற்குள் அதிர்வு செத்துப்போகாதா என்று கேட்பாய். எல்லா அதிர்வும் சாவதில்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி நின்று கேட்டுப் பார். நாயனத்தின் நுண்ணிய பிருகாக்கள் வழியிலேயே கரைந்துவிடும், தவிலின் கனத்த அடி மட்டும் வந்து சேரும். நிலத்திலும் அப்படித்தான். படபடவென்று வேகமாக அடிக்கும் குறு அலைகளைப் பாறை உறிஞ்சிவிடுகிறது. ஒரு வீச்சுக்கு ஒன்று, இரண்டு வினாடி எடுத்துக்கொண்டு மெதுவாக ஆடும் நெடிய அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருகின்றன.

அந்த மெதுவான ஆட்டம் யாரைத் தொடும்? ஒவ்வொரு கட்டடத்துக்கும் தானாக ஆடும் ஒரு கால அளவு உண்டு. எங்கள் தொழிலில் கைக்கணக்காகச் சொல்வது: மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால், ஒருமுறை ஆடித் திரும்ப எத்தனை வினாடி என்பது உத்தேசமாகக் கிடைக்கும். சிராங்கூன் சாலையின் இரண்டு மாடிக் கடைவீடுகளுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இருபது மாடி புளோக்குக்கு இரண்டு வினாடி. சுமத்ராவிலிருந்து வரும் அலையின் தாளமும் உயர்ந்த கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போகும்போது ஆட்டம் கூடுகிறது. கீழே மளிகைக்கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதே நேரத்தில் மேலே பதினெட்டாவது மாடியில் இருக்கும் பாட்டி தலை சுற்றுகிறது என்று சோபாவைப் பிடித்துக்கொள்வார்.

2007 மார்ச் 6இல் இதை நான் கண்ணெதிரே பார்த்தேன். சுமத்ராவின் சிங்காராக் ஏரிப் பக்கம் அன்று அடுத்தடுத்து இரண்டு நடுக்கங்கள், 6.4, 6.3. இங்கே நண்பகலுக்குச் சற்று முன் முதலாவது, இரண்டு மணி நேரம் கழித்து மற்றது. நகர மையத்தில் ஓர் உயரக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். குடிநீர் இயந்திரத்தின் மேல் கவிழ்த்திருந்த பெரிய புட்டியில் நீர்மட்டம் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி, மறுபடி ஏறியது. சன்னல் திரையின் கயிறு சுவரில் படாமல் ஊசலாடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. சத்தமில்லாமல் தரை நகர்வதுதான் வயிற்றைப் பிசைகிறது. படிக்கட்டு வழியாக இறங்கி வந்த எங்களைப் பார்த்து, வாசலில் நின்ற டாக்சி ஓட்டுநர் "தீ ஒத்திகையா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்று மேற்குச் சுமத்ராவில் எழுபது பேர் அளவில் இறந்தார்கள்.

உயரம் ஒன்று. இன்னொன்று மண். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் இதில் நம் ஊரின் கதையும் சேர்ந்திருக்கிறது.

லிட்டில் இந்தியா ஏன் சிராங்கூன் சாலைப் பக்கம் முளைத்தது தெரியுமா? ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த சதுப்பு நிலம் அது. தண்ணீரும் புல்லும் தாராளம். அதனால் மாட்டு வியாபாரம் வந்தது, அதோடு நம்மவர்களும் பெருகினார்கள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரில் ஒரு தெரு, எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். எருமைகள் படுத்துப் புரண்ட ஈர மண் என்பதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. ரோச்சோர், காலாங், மரினா பக்கங்களில் தரைக்குக் கீழே கடல் களிமண் இருக்கிறது. பனியுகம் முடிந்து கடல் ஏறிவந்தபோது பள்ளங்களில் படிந்த சாம்பல் நிறக் களி. சில இடங்களில் அதன் ஆழம் 30 மீட்டரையும் தாண்டும். துளை போட்டு எடுத்த மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலை அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். புக்கிட் தீமா பக்கம் போனால் நிலைமை வேறு, அங்கே கருங்கல் பாறை.

தூரத்திலிருந்து வரும் நெடிய அலை பாறையில் சாதுவாகக் கடந்துபோகும். அதே அலை களிமண்ணுக்குள் புகுந்தால் பலமடங்கு பெருகும். 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரம் இதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. நடுக்கம் பிறந்தது 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையோரத்தில். கரைக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட எத்தனையோ ஊர்கள் தப்பின. ஆனால் மெக்சிகோ நகரத்தின் மையம் பழைய ஏரியின் களிமண்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் களியின் தாளம் இரண்டு வினாடி. ஆறு மாடி முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் அதற்கு ஒத்து ஆடிச் சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். குட்டையான பழைய வீடுகள் பல அப்படியே நின்றன. தூரத்து நடுக்கத்தைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் படிக்கும் முதல் பாடம் அந்த நகரம்தான்.

பயந்துவிடாதே, நமக்கும் மெக்சிகோவுக்கும் வித்தியாசம் உண்டு. இங்கே வந்துசேர்ந்த ஆட்டங்கள் அந்த நகரம் கண்டதைவிட மிகவும் மெலிந்தவை. நம் உயரக் கட்டடங்கள் களிமண்மேல் உட்காரவில்லை. அதைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டி நிலம்வரை இறக்கிய தூண்கள்மேல் நிற்கின்றன. பழைய விதிகளின்படிகூட, கட்டடத்தின் எடையில் 1.5 விழுக்காட்டுக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளினாலும் தாங்கும்படி கட்ட வேண்டும். கட்டட, கட்டுமான ஆணையம் ஐரோப்பிய விதிமுறைகளை ஏற்றபின், இளகிய மண்ணில் 20 மீட்டருக்கு மேல் எழும்பும் புதுக் கட்டடங்களுக்கு நிலநடுக்கத்துக்கென்றே தனிக் கணக்குப் போட வேண்டும். மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு இன்னும் கண்டிப்பு. 2015 ஏப்ரல் முதல் இது கட்டாயம். இத்தனை வருட அதிர்வுகளில் சிங்கப்பூரில் ஒரு கட்டடமும் விழவில்லை. உன் புளோக் ஆடும், ஆடத்தான் வேண்டும். விறைத்து நிற்பதுதான் முறியும்.

இனி 2004 டிசம்பர் 26. நீ பிறக்காத காலம். நான் அப்போது லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கத்தில் உயரமான புளோக் ஒன்றில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலை ஒன்பது மணி அடித்துச் சில நிமிடங்கள் இருக்கும். பூசை அறையில் சங்கிலியில் தொங்கிய தூக்கு விளக்கு தானாக ஆட ஆரம்பித்தது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எரிந்தது. தாழ்வாரத்தில் கதவுகள் திறந்தன. "உங்க வீட்லயும் ஆடிச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

சுமத்ராவின் வடமுனைக்கு அருகே கடலடியில் 9க்கும் மேற்பட்ட அளவில் நிலம் வெடித்த நேரம் நம் கணக்கில் காலை 8.59. நிலத்தின் வழியே வந்த அலை சில நிமிடங்களில் எங்கள் விளக்கை ஆட்டிவிட்டது. கடல் வழியே போன அலை நாகப்பட்டினத்தை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கரையில் மீன் ஏலம், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கூட்டம், மணலில் விளையாடும் பிள்ளைகள். இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆச்சேயில் தொடங்கி இலங்கைவரை, அதற்கும் அப்பால் ஆப்பிரிக்கக் கரைவரை, மொத்தம் 2,20,000க்கும் மேல்.

அன்று மாலை சிராங்கூன் சாலையில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தது, வழக்கமான சத்தம் இல்லை. தொலைபேசி அட்டை விற்கும் கடைகள்முன் வரிசை. அட்டையைச் சுரண்டி, எண்ணை அழுத்தி, இணைப்புக் கிடைக்காமல் மறுபடி அழுத்தி, காதில் வைத்தபடியே நின்ற ஒரு பையனை எனக்கு நினைவிருக்கிறது. தரங்கம்பாடி பக்கம் என்றான். அவனுக்கு என்ன செய்தி கிடைத்தது என்று தெரிந்துகொள்ள நான் அங்கே நிற்கவில்லை. நம்மைச் சுமத்ராத் தீவு மதில்போல் மறைத்துக்கொண்டது. அந்த மதிலின் பக்கத்திலேயே இருந்த மூலாபோ நகரத்துக்குச் சிங்கப்பூர் ஆயுதப் படையின் கப்பல் உதவிப்பொருள்களோடு போனது.

ஏழு வருடத்துக்கும் மேல் கழித்து, 2012 ஏப்ரல் 11, மாலை நாலரை மணி தாண்டி மறுபடி ஆட்டம். அளவு 8.6. சில நிமிடங்களில் சென்னையிலிருந்து உன் பெரியம்மா அழைத்தாள். திருவான்மியூர் அடுக்குமாடியில் எல்லாரும் கீழே இறங்கி நிற்கிறார்களாம். ஒரே நடுக்கம் இரண்டு ஊரையும் ஆட்டியிருந்தது. "கடற்கரைப் பக்கம் யாரும் போகாதீங்க" என்று நான் சொல்வதற்குள் அவளே, "எச்சரிக்கை வந்துடுச்சு, போலீஸ் எல்லாரையும் அனுப்பிக்கிட்டிருக்காங்க" என்றாள். 2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையத்தின் வேலை அது. அன்று நிலம் மேலும் கீழுமாக எழாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை வரவில்லை. வந்திருந்தாலும் இம்முறை மக்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே தரை ஆடினால் உன்னைப் பற்றி யோசித்து முடித்த அடுத்த நிமிடமே, "எங்கே நடந்தது, அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேள். இங்கே விளக்கு மெல்ல ஆடினால் எங்கோ வீடு விழுந்திருக்கலாம் என்று பொருள். 2009 செப்டம்பர் 30 மாலை இங்கே பலர் "லேசான ஆட்டம்" என்று சொன்ன நேரத்தில் பாடாங் நகரம் இடிந்துகிடந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பாடாங்குக்கு எதிரே மெந்தாவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்கே பவளப்பாறைகளை அறுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் அவற்றின் வளர்ச்சிப் படலங்களை எண்ணிய அறிஞர் கெரி சீ, பின்னர் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவி ஆய்வு மையத்துக்கு முதல் இயக்குநராக வந்தார். கடற்தரை உயரும்போது பவளம் காற்றுபட்டு மேல்பகுதி சாகும், தாழும்போது மறுபடி மேலே வளரும். நூற்றாண்டுகளின் நடுக்கங்களை அது எழுதிவைத்திருக்கிறது. 1797, 1833 ஆகிய ஆண்டுகளின் பெரும் நடுக்கங்கள் அதில் அப்படியே பதிந்திருந்தன. அந்தப் பகுதியில் தேங்கிய விசை முழுவதும் இன்னும் வெளியேறவில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. 1833இல் சிங்கப்பூரில் உயரக் கட்டடமே கிடையாது. அடுத்தது வரும்போது நாம் அதை எப்படி உணர்வோம் என்பதற்குப் பழைய அனுபவம் துணைக்கு வராது. அதனால்தான் அந்த விதிமுறைகள், அந்தக் கணக்குகள்.

ஆடும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். மின்தூக்கியில் ஏறாதே. சன்னலையும் கனமான அலமாரியையும் விட்டு விலகி, உறுதியான மேசைக்கடியில் போய் மேசைக்காலைப் பிடித்துக்கொள். ஆட்டம் நின்றபின் எரிவாயு அடுப்பை மூடிவிட்டுப் படிக்கட்டில் இறங்கு, பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு. சுவரில் புது விரிசல் தெரிந்தால் நகர மன்றத்துக்கோ கட்டட, கட்டுமான ஆணையத்துக்கோ சொல்ல வேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் 995. சிங்கப்பூரில் இதுவரை இதற்கெல்லாம் தேவை அதிகம் வந்ததில்லை. ஆனால் நீ நாளை ஜப்பானிலோ இந்தோனேசியாவிலோ படிக்கப் போகலாம்.

உன் கட்டிலுக்கு நேர் மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறீர்களே, அதைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டச் சொல். புத்தக அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். துளைபோடும் இயந்திரத்தை ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்து வருகிறேன். அது முடிந்ததும் ரோச்சோர் கால்வாய் ஓரமாக நடப்போம். நம் தீவின் மண் வரைபடம் என்னிடம் இருக்கிறது. உன் பள்ளி எந்த நிறத்தில் வருகிறது, உன் புளோக் எந்த நிறத்தில் வருகிறது என்று நீயே பார்த்துச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா