ஆயி மண்டபத்தைக் கட்டியது யார்?

கேள்வி: புதுச்சேரி அரசு முத்திரையில் இருக்கும் ஆயி மண்டபத்தைக் கட்டியது யார்? ஆயி என்பது கட்டியவர் பெயரா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: இல்லை. கட்டியது பிரெஞ்சு அரசு. மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலம் (1852–1870). வடிவமைத்தவர் லூயி கேர் என்ற கட்டடக் கலைஞர். பாரதி பூங்காவுக்குப் போனால் மண்டபத்துக்குள் நின்று பாருங்கள். கிரேக்க, ரோமானியப் பாணித் தூண்கள், நாலு பக்கமும் வளைவு வாசல், கதவு கிடையாது. வெள்ளைப் பூச்சைத் தவிர வேறு நிறமும் இல்லை.

மண்டபத்தைக் கட்டக் காரணம் தண்ணீர். கடலோர நகரத்தில் நல்ல குடிநீருக்குப் பெரும்பாடு. தலைமைப் பொறியாளர் லமைரெஸ் 1863இல் மேற்கே உங்கள் பக்கமிருக்கும் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சில் பெயர்த்து 1867இல் பாரிஸில் நூலாக்கியவரும் இவரே. அவரை நம் ஊர் இன்னும் நன்றாக நினைவில் வைத்திருக்கலாம்.

அந்தத் தண்ணீரோடு வந்தது ஆயியின் கதை. கிருஷ்ணதேவராயர் முத்திரையர்பாளையம் வழியே போனபோது விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது தாசி ஆயியின் வீடு என்று தெரிந்ததும், இடித்துவிட்டுக் குளம் வெட்டச் சொன்னாராம். ஆயி கெஞ்சி, தானே வீட்டை இடித்துத் தன் செலவில் குளம் வெட்டினாளாம். இது செவிவழிக் கதை, சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் நகரின் நடுவே, கவர்னர் மாளிகைக்கு எதிரே நிற்கும் மண்டபத்துக்கு ராஜாவின் பெயரோ கவர்னரின் பெயரோ அமையாமல், ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவள் பெயர் அமைந்ததே, அதைப் போல நியாயமான பெயர் புதுச்சேரியில் வேறு கட்டடத்துக்கு இல்லை என்பேன்.

கேள்வி: எங்கள் பக்கம் அப்படி யாரும் இல்லையா?
– ஒரு வாசகி, பாகூர்

பதில்: இருக்கிறார்களே! பங்காரி, சிங்காரி என்ற தாசி சகோதரிகள் தங்கள் பொருளைச் செலவழித்து வாய்க்கால் வெட்டியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பங்காரு வாய்க்கால் என்ற பெயரில் பங்காரி இருக்கிறாள். அவளுக்கு மண்டபம் இல்லை. ஆனால் ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியின் பெரிய ஏரியான உங்கள் பாகூர் ஏரிக்கு, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணையாற்றுத் தண்ணீர் வருவது அந்த வாய்க்கால் வழியாகத்தான். மழைக்கு முன்னால் அதைத் தூர்வாரச் சொல்லி ஊர்க்காரர்கள் சேர்ந்து கேளுங்கள்.