இடுப்பு வலி திரும்பாமலிருக்க...

கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இடுப்பு வலி இப்போதுதான் விட்டது. மறுபடி வராமலிருக்க, படுத்தே கிடக்கச் சொல்கிறார்கள். சரியா? – வாசகி, பசறை

வேண்டாம் தங்கச்சி, அம்மாவை நடக்க விடுங்கள்!

இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. முடிவு 2024இல் 'லான்செட்' இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்ட, மெல்லக் கூட்டி, வாரம் 5 நாள், 30 நிமிடம் வரை நடந்தவர்களில் பாதிப்பேருக்கு வலி திரும்ப 208 நாளாயிற்று. அந்த வழிகாட்டல் கிடைக்காதவர்களுக்கு 112 நாள்தான்.

மலையேறுவதும் நடைதானே என்பீர்கள். கொழுந்துச் சுமையோடு சரிவில் ஏறுவது வேறு. வெறுங்கையோடு, லயத்துக்குப் பக்கத்தில் சமமான பாதையில், பத்து நிமிடத்தில் தொடங்கட்டும்.

பதுளை பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம். தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிப் போங்கள். கால் மரத்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமற்போனாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.